மூட்டு வீங்கும்போது மனசு ஏன் சோர்கிறது

மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள எங்கள் பத்தாங் பெர்ஜுந்தையில் (இப்போதைய பெயர் பெஸ்தாரி ஜெயா) ஒருவருக்கு முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்று தெரிந்துவிட்டால் அந்த வாரமே அவருக்கு இலவசமாகக் கிடைக்கும் வைத்தியம் ஒன்று இருக்கிறது: "மனச தைரியமா வெச்சுக்க, எல்லாம் சரியாயிடும்." அத்தை சொல்வார், கோயில் கமிட்டிக்காரர் சொல்வார், கிளினிக்கில் நம்பர் கூப்பிடுவதற்காகப் பக்கத்து நாற்காலியில் காத்திருக்கும் முன்பின் தெரியாத பாட்டியும் சொல்வார். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் கடந்த முப்பது, நாற்பது வருட ஆராய்ச்சிகளைப் படித்துப் பார்த்தால் இந்த அறிவுரையில் ஒரு பெரிய ஓட்டை தெரிகிறது. முடக்குவாதம் போன்ற, எதிர்ப்பு மண்டலமே சொந்த உடம்பைத் தாக்கும் நோய்கள் மூட்டையோ தோலையோ குடலையோ மட்டும் பிடிப்பதில்லை. தைரியம் என்று நாம் சொல்கிறோமே, அது மூளையில் எந்தெந்த வேலைகளால் உண்டாகிறதோ அந்த வேலைகளையும் சேர்த்தே பிடிக்கின்றன. அப்படியென்றால் நோயாளியிடம் நாம் கேட்பது, நோய் முதலில் பிடுங்கிக்கொண்ட பொருளைத்தான்.

எங்கள் பக்கம் இதை விலாவாரியாகப் பேசக் காரணம் இருக்கிறது. மலேசிய அரசாங்க மருத்துவமனைகளில் மூட்டு நோய்களைப் பார்க்கும் ருமட்டாலஜி கிளினிக்குகளில் எடுத்த கணக்குகளில், முடக்குவாத நோயாளிகளில் இந்தியர்களின் பங்கு, மக்கள்தொகையில் நமக்கிருக்கும் சுமார் 7 விழுக்காட்டைவிடப் பல மடங்கு அதிகமாக வந்திருக்கிறது. உடம்பின் பல உறுப்புகளைத் தாக்கும் லூப்பஸ் என்ற இதே வகை நோய் அப்படி இல்லை, அது இங்கே சீனர்களிடம்தான் கூடுதல். கிளினிக்குக்கு வந்து சேர்ந்தவர்களை வைத்து எடுத்த கணக்கு என்பதால் ஊர் நிலவரமும் அப்படியேதான் என்று சொல்லிவிட முடியாது, ஆனாலும் செவ்வாயோ வியாழனோ அந்த வராந்தாவில் ஒரு காலை நேரம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

இன்னொரு காரணம் ஊரின் குணம். 1917-இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் போடப்பட்டது எங்கள் ஊரை ஒட்டிய தென்னமரம் தோட்டத்தில்தான். அதற்கு முன்னும் பின்னும் ரப்பர். தோட்ட லயத்தில் பிறந்து, காய்ச்சலோடு பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு)ப் போய், பிள்ளை பெற்ற கொஞ்ச நாளிலேயே மறுபடியும் வாளியைத் தூக்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இப்போது இங்கே தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் இருக்கிறோம். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்றிருந்த காலத்தில் வலியைக் காட்டாமல் இருப்பது பிழைப்பு. அந்தப் பிழைப்பு மெதுவாகப் பெருமையாகிவிட்டது. விரல் வீங்கி ஆறு மாதம் ஆன பிறகும் தைலம் தேய்த்துக்கொண்டே இருக்கும் அம்மாக்கள் இங்கே ஏராளம், அந்த முதல் ஆறு மாதம்தான் மருந்து ஆரம்பிக்க மிக நல்ல நேரம் என்று டாக்டர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? நம் எதிர்ப்பு மண்டலம் கிருமியைக் கண்டால் அலாரம் அடிக்கும். அந்த அலாரம் சைட்டோகைன் எனப்படும் சிறு புரதங்கள். இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6, டிஎன்எஃப் என்று அதில் பல உண்டு. ரத்த ஓட்டம் கூடும், அந்த இடம் சூடாகும், வீங்கும், வலிக்கும், இதுதான் அழற்சி. வெட்டுக்காயத்தில் இது நல்லது, வேலை முடிந்ததும் அடங்கிவிடும். தன்னெதிர்ப்பு நோயில் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடம்பையே எதிரியாக எடுத்துக்கொள்கிறது. முடக்குவாதத்தில் மூட்டின் உள்சவ்வு, சோரியாசிஸில் தோல், லூப்பஸில் ஏறத்தாழ எது வேண்டுமானாலும். எதிரி வெளியில் இல்லாததால் அவன் சாவதும் இல்லை, அலாரமும் நிற்பதில்லை.

இந்தச் சைட்டோகைன்கள் மூட்டோடு நின்றுவிடுவதில்லை. சில ரத்தம் வழியாக மூளையின் எல்லைவரை போகின்றன, வயிற்றையும் நெஞ்சையும் மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாகவும் செய்தி போகிறது. மூளைக்குப் போகும் செய்தி ஒன்றுதான்: உடம்புக்கு முடியவில்லை, எல்லாவற்றையும் குறைத்துக்கொள். பசி குறையும், தூக்கம் கெடும் அல்லது கூடும், யாரையும் பார்க்கப் பிடிக்காது, பிடித்த வேலையிலும் ருசி இருக்காது. பெஞ்சமின் ஹார்ட் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 1988-இல் எழுதிய கட்டுரையில், நோய்ப்பட்ட விலங்கு சுருண்டு படுப்பது வெறும் பலவீனத்தால் இல்லை, காய்ச்சலுக்கும் கிருமியோடு சண்டை போடுவதற்கும் சக்தியை மிச்சம் பிடிக்க உடம்பே போடும் ஏற்பாடு அது என்று வாதிட்டார். ஆடு மாடு வளர்த்தவர்களுக்கு இது புதிதில்லை, நோய் கண்ட மாடு கூட்டத்தைவிட்டு ஒதுங்கும். மாடு நாலு நாளில் தேறிவிடும், கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். முடக்குவாதம் வந்த பெண்ணுக்கு அந்த நாலு நாள் பத்து வருடமாக நீளுகிறது, வீட்டில் இருப்பவர்கள் அதற்கு வைக்கும் பெயர் சோம்பேறித்தனம், அல்லது "முன்ன மாதிரி முகங்கொடுத்துப் பேசறதில்ல".

இதெல்லாம் நோயின் கவலையால் வரும் சோர்வாக இருக்கக்கூடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்காகத்தான் நோயே இல்லாதவர்களை வைத்துச் சோதித்தார்கள். இங்கிலாந்தில் 2009-இல் நல்ல ஆரோக்கியமான ஆண்களுக்கு டைஃபாய்டு தடுப்பூசி போட்டு மூளையை ஸ்கேன் செய்தார்கள். சில மணி நேரத்தில் மனநிலை இறங்கியது, மனச்சோர்வோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் வேலையும் மாறியது. அடுத்த வருடம் கலிஃபோர்னியாவில் நவோமி ஐசன்பெர்கர் குழு, பாக்டீரியாவின் மேலுறையில் இருக்கும் ஒரு நச்சை மிகச் சிறிய அளவில் ஊசி போட்டுப் பார்த்தது. அந்த ஊசி போட்டுக்கொண்டவர்கள் தங்களை மற்றவர்களிடமிருந்து விலகிப்போனவர்களாக உணர்ந்தார்கள். அவர்களுக்கு எந்தக் குடும்பத் தகராறும் வரவில்லை, கடன்காரன் வாசலுக்கு வரவில்லை, ரத்தத்தில் அழற்சி கொஞ்சம் ஏறியது, அவ்வளவுதான். ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசி கொடுத்துவந்த காலத்தில், மருந்தாகக் கொடுத்த அந்தச் சைட்டோகைனாலேயே நிறையப் பேர் கடும் மனச்சோர்வில் விழுந்ததை டாக்டர்கள் கண்ணெதிரே பார்த்திருக்கிறார்கள்.

மூளைக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாப்பாட்டில் வரும் டிரிப்டோஃபேன் என்ற பொருளிலிருந்துதான் மனநிலையோடு தொடர்புடைய செரோட்டோனின் தயாராகிறது. அழற்சி இருந்தால் ஒரு நொதி விழித்துக்கொண்டு டிரிப்டோஃபேனை வேறு பாதையில் திருப்பிவிடும், அந்தப் பாதையில் உண்டாகும் சில பொருள்கள் நரம்புக்கே தொல்லை. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, மூளை நரம்புகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் டோபமின் என்ற பொருள். ஒரு வேலைக்கு இவ்வளவு சிரமப்படலாம், செய்தால் பலன் இருக்கும் என்று மூளை போடும் கணக்கு பெரும்பாலும் டோபமினை நம்பியிருக்கிறது, நீண்டநாள் அழற்சி அந்தக் கணக்கைக் கெடுக்கிறது. அழுகையோ துக்கமோ இல்லாமலே, சட்டியை அடுப்பில் ஏற்றுவது கூட மலையாகத் தெரிவது இதனால்தான். முயற்சி செய்யவேண்டும் என்ற எண்ணம் எங்கே பிறக்கிறதோ அங்கேயே மின்சாரம் குறைந்துவிட்ட ஒருவரிடம் முயற்சி செய் என்று சொல்வதில் என்ன இருக்கிறது?

நேரக் கணக்கையும் பார்க்கவேண்டும். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு இன்டர்லூகின்-6 பின்னிரவில் ஏறி விடியற்காலையில் உச்சத்துக்குப் போகிறது. காலையில் விரல் மடங்காமல் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் விறைத்துக் கிடப்பது அதனால்தான். ரப்பர் மரத்திலோ பால் நன்றாக ஓடுவது அதே நேரத்தில், வெயில் ஏறினால் மரத்துக்குள் இருக்கும் அழுத்தம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே உளியைப் பிடிக்கவேண்டும். அதாவது பால் வெட்டும் வேலைக்கும் இந்த நோய்க்கும் ஒரே ஷிஃப்ட். அந்தக் காலத்தில் இந்த நோய் வந்தும் பெயர் தெரியாமல் காட்டுக்குப் போன எத்தனை பேர் இருட்டில் விறைத்த விரலோடு நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு நின்றார்களோ, பட்டையில் காயம் போட்டதற்கு, வேலையை மேற்பார்க்கும் தண்டலிடம் ஏச்சு வேறு வாங்கியிருப்பார்கள்.

இப்போது மன உறுதிக்கு வருவோம். ஆராய்ச்சிக்காரர்கள் பேசுவது மீள்திறன் பற்றி: அடி விழும், ஆள் தடுமாறுவார், பிறகு பழைய நிலைக்கோ அதற்குப் பக்கத்திலோ திரும்பி வருவார். தடுமாறாமல் நிற்பது அவர்கள் கணக்கில் வராது. எங்கள் ஊரில் உறுதியானவர் என்று பெயர் எடுத்தவர்கள் பெரும்பாலும் தாங்கியவர்கள், வாயைத் திறக்காதவர்கள். உடம்பின் கணக்கில் தாங்குவதும் மீள்வதும் இரண்டு தனி வேலைகள், சில சமயம் ஒன்றுக்கொன்று எதிர் வேலைகளும் கூட. மன அழுத்தம் வந்தால் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறவேண்டும், போனால் இறங்கவேண்டும். கிருமி வந்தால் அழற்சி ஏறவேண்டும், போனால் இறங்கவேண்டும். ஏறுவதில் பெரும்பாலும் குறை இருப்பதில்லை. இறங்கத் தெரிவதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். ரப்பர் மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவார்கள், தினமும் வெட்டினால் கொஞ்ச நாள் பால் கூடுதலாகவே வரும், அப்புறம் பட்டை காய்ந்து ஒரு சொட்டும் வராது. மீள்திறனும் அந்த இடைநாளில்தான் இருக்கிறது.

இது கவிதைக்காகச் சொன்னது இல்லை, எலியில் பார்த்திருக்கிறார்கள். லூயிஸ் என்ற ஆய்வக எலி இனத்துக்கு மூட்டழற்சி எளிதில் வரும், ஃபிஷர் இனத்துக்கு வராது. எஸ்தர் ஸ்டெர்ன்பெர்க் குழு 1989-இல் காட்டியது இதுதான்: அழற்சி தொடங்கியதும் ஃபிஷர் எலியின் மூளை சட்டென்று கார்டிசால் போன்ற ஹார்மோனைச் சுரக்கச் செய்து அதை அடக்குகிறது, லூயிஸ் எலியின் மூளை அந்தக் கட்டளையைச் சரியாகக் கொடுப்பதில்லை. ஃபிஷர் எலியிலும் அந்த ஹார்மோன் வேலை செய்யாதபடி மருந்தால் தடுத்தால் அதற்கும் நோய் கடுமையாக வருகிறது. அழுத்தத்தைச் சமாளிக்கும் மண்டலமும் மூட்டைக் காப்பாற்றும் மண்டலமும் ஒன்றே.

இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. நியூயார்க்கில் ஸ்காட் ருஸ்ஸோவின் ஆய்வகத்திலிருந்து ஜார்ஜியா ஹோட்ஸ் முதலானவர்கள் 2014-இல் வெளியிட்டது. சாதுவான எலியைத் தினமும் ஒரு முரட்டு எலியின் கூண்டில் கொஞ்ச நேரம் விட்டு அடி வாங்கவைப்பார்கள். சில எலிகள் ஒடுங்கிப்போய் மற்ற எலிகள் பக்கமே போகாது. சில எலிகள் அதே அடியை வாங்கியும் பழையபடி திரியும். அடி வாங்குவதற்கு முன்பே ரத்தம் எடுத்துப் பார்த்ததில், யாருடைய வெள்ளை அணுக்கள் தூண்டினால் அதிகமாக இன்டர்லூகின்-6 சுரந்தனவோ அவைதான் பின்னால் ஒடுங்கிப்போயின. அதோடு விடவில்லை. எளிதில் ஒடுங்கும் எலியின் எலும்பு மஜ்ஜையை வேறு எலிக்கு மாற்றிவைத்தபோது அந்த எலியும் எளிதில் ஒடுங்கியது. இன்டர்லூகின்-6 சுரக்கவே முடியாத மஜ்ஜையை வைத்தபோது அடியைத் தாண்டி வந்தது. மூளையைத் தொடவே இல்லை, எலும்பு மஜ்ஜையை மாற்றினார்கள், சுபாவம் மாறியது. எலிக்கு நடந்தது மனிதனுக்கு அப்படியே நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் "அவளுக்கு மனசுல தெம்பில்ல" என்று அடுத்த முறை வாய்வரை வரும்போது இந்த எலிகளை நினைத்துக்கொள்ளலாம்.

எதிர்த் திசையிலும் பாதை இருக்கிறது, மனசிலிருந்து உடம்புக்கு. சுவீடனில் மன அதிர்ச்சியும் அழுத்தமும் சார்ந்த நோய் என்று மருத்துவமனையில் பதிவான 1,06,464 பேரை, அவர்களுடைய உடன்பிறந்தவர்களோடும் பொதுமக்களோடும் வைத்துப் பார்த்தார்கள், 2018-இல் வெளியான ஆய்வு. மற்ற வித்தியாசங்களைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும், பாதிக்கப்பட்டவர்களுக்குப் பின்னால் தன்னெதிர்ப்பு நோய் வரும் வாய்ப்பு பொதுமக்களைவிட 36 விழுக்காடு அதிகம். கேட்க பயமாக இருக்கும், ஆனால் கழிக்காத நேர் எண்ணிக்கையைப் பார்த்தால் வருடத்துக்கு ஆயிரம் பேரில் 6 என்பது 9 ஆனது. ஆயிரத்தில் மீதிப் பேருக்கு அந்த வருடம் ஒன்றும் வரவில்லை. அதனால் "அந்தக் கவலைதான் உனக்கு நோயாச்சு" என்று ஒரு தனி ஆளைப் பார்த்துச் சொல்ல இந்த ஆய்வு இடம் கொடுக்கவில்லை. மாமியாரையோ குடிக்கிற புருஷனையோ காரணம் காட்டத் துடிக்கும் உறவினர்கள் இதைக் கவனிக்கவும். மரபணு, புகை, இன்னும் பலவும் சேர்ந்துதான் இந்த நோய் வருகிறது, அழுத்தம் அதில் ஒரு பங்கு.

இரண்டு திசையும் சேர்ந்தால் சுழல். அழற்சி ஏறும், மனசு இறங்கும், தூக்கம் போகும், தூக்கம் போனால் மறுநாள் வலி கூடும். முடக்குவாத நோயாளிகளை ஒரே ஒரு இரவு பாதி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்த ஆய்வில், மறுநாள் வலிக்கும் மூட்டுகளின் எண்ணிக்கையே கூடியது. உலகம் முழுவதும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வெளியான கணக்கின்படி முடக்குவாதம் உள்ளவர்களில் 16.8 விழுக்காட்டினருக்கு முழு அளவிலான மனச்சோர்வு நோய் இருந்தது. மலேசியாவின் 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் பொதுமக்களிடம் கண்டது 4.6 விழுக்காடு. அளந்த முறை வேறு, நாடு வேறு, நேராக வைத்து ஒப்பிட முடியாது, ஆனாலும் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிகிறதல்லவா.

இங்கே, கார்டிசாலைப் போலவே அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்துகளைப் பற்றிப் பேசாமல் போக முடியாது, எங்கள் ஊரில் அவை கிளினிக்கில் மட்டும் கிடைப்பதில்லை என்பதால். 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற டாக்டர், முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு இன்று கார்டிசோன் என்று சொல்லும் ஸ்டீராய்டை முதன்முதலாக ஊசி போட்டார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்சுக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு. ஆனால் அந்த ஆரம்ப நோயாளிகளிடமே இன்னொன்றும் தெரிந்தது: சிலருக்கு மூட்டு சரியானதற்கு வரும் சந்தோஷத்தையும் தாண்டி மனசு எகிறிப்போனது, சிலருக்கு மூளையே கலங்கியது. இன்றைக்கும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைக் கூடுதல் அளவில் சாப்பிடுபவர்கள் தூக்கமில்லாமல், எரிச்சலோடு, சம்பந்தமில்லாத உற்சாகத்தோடு திரிவது சாதாரணம். வீட்டில் சண்டை கூடினால் மருந்துச் சீட்டையும் ஒரு தடவை பார்ப்பது நல்லது.

பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில், தெரிந்தவர் மூலமாக, இப்போது போனிலும், மூட்டுவலிக்கு மூலிகை மாத்திரை என்று விற்கிறார்களே, அதில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசிய சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. சாப்பிட்ட மூன்றாம் நாளே வலி பறந்துவிடும், பசி எடுக்கும், ஆளே தெம்பாகத் தெரிவார், "ஆஸ்பத்திரி மருந்துல இல்லாதது இதுல இருக்கு" என்று நாலு பேரிடம் சொல்லவும் செய்வார். ஆமாம், இருக்கிறது, பெட்டியில் எழுதாதது. மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு கரையும். திடீரென்று நிறுத்தினால் அதைவிட ஆபத்து, உடம்பின் சொந்த கார்டிசால் அதற்குள் தூங்கிப்போயிருக்கும், சோர்வும் வாந்தியுமாக ஆள் விழுந்துவிடலாம். அப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் மாத்திரையை அப்படியே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டவேண்டும், ஏசுவார் என்று ஒளிக்கவேண்டாம். நேரடி விற்பனைக்காரர்கள் கொண்டுவரும் "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" ஜூஸும் பவுடரும் இன்னொரு வேடிக்கை. எதிர்ப்புச் சக்தி சொந்த வீட்டையே இடித்துக்கொண்டிருக்கும் நோயில் அதைக் கூட்டி என்ன செய்யப்போகிறோம்? அதில் பிரபலமான அல்ஃபால்ஃபா என்ற செடியை, குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் லூப்பஸ் போன்ற நோயையே உண்டாக்கியது, 1980-களிலேயே பதிவான விஷயம்.

அப்படியானால் எதுதான் உதவும்? முதலில் நோய்க்கான மருந்து, சந்தேகமே வேண்டாம். முடக்குவாதம் என்றால் மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை, லூப்பஸ் என்றால் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், எது எழுதிக்கொடுத்தார்களோ அது. அழற்சி இறங்கினால் பலருக்கு மனசும் கூடவே லேசாகிறது. ஆனால் எல்லாச் சோர்வும் அழற்சியால் வருவதில்லை. மருந்துக்கு அடங்காத மனச்சோர்வு உள்ள 60 பேருக்கு இன்ஃபிளிக்ஸிமாப் என்ற டிஎன்எஃப் தடுப்பு மருந்தைக் கொடுத்துச் சோதித்தார்கள், 2013-இல் முடிவு வந்தது. மொத்தமாகப் பார்த்தால் வெறும் உப்புத் தண்ணீரைவிட மேலாக இல்லை. ரத்தத்தில் சிஆர்பி என்ற அழற்சி அளவு 5-க்கு மேல் இருந்தவர்களுக்கு மட்டும் பலன் தெரிந்தது, குறைவாக இருந்தவர்களுக்கு உப்புத் தண்ணீரே மேலாக இருந்தது. யாருடைய சோர்வு எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே பேச்சைப் பேசுவது இந்தப் பக்கமும் தப்பு, அந்தப் பக்கமும் தப்பு.

மனசு வழியாகப் போகும் சிகிச்சைகளும் வெறும் ஆறுதல் இல்லை. 56 சோதனைகளில் கலந்துகொண்ட 4,060 பேரின் தகவலைச் சேர்த்து 2020-இல் வெளியான தொகுப்பில், மனநலச் சிகிச்சை பெற்றவர்களிடம் கெடுதலான எதிர்ப்பு மண்டல அளவுகள் ஒப்பீட்டுக் குழுவைவிட 18 விழுக்காடு குறைந்திருந்தன, அதில் எண்ணங்களையும் பழக்கங்களையும் சேர்த்துத் திருத்தும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை முன்னால் நின்றது. முடக்குவாத நோயாளிகளை மட்டும் வைத்து அலெக்ஸ் ஸாட்ரா குழு 2008-இல் செய்த சோதனையில், இந்தச் சிகிச்சை வலியைக் கட்டுப்படுத்த முடிகிறது என்ற உணர்வைக் கூட்டியது, இன்டர்லூகின்-6-ஐக் குறைத்தது. ஆனால் முன்பே பலமுறை மனச்சோர்வு வந்துபோனவர்களுக்கு, வருவதை வரட்டும் என்று கவனித்துப் பழகும் தியானப் பயிற்சிதான் கூடுதலாக உதவியது. மருந்துக்கு மேல் ஒரு கை, அவ்வளவுதான் இது, மருந்துக்குப் பதில் இல்லை. யாராவது உங்களிடம் தியானம் செய்தால் மெத்தோட்ரெக்ஸேட் வேண்டாம் என்றால் அவரை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

கேள்வி, பத்தாங் பெர்ஜுந்தையில் இந்தச் சிகிச்சைக்கு எங்கே போவது? தமிழில் பேசும் மனநல ஆலோசகர் கிடைப்பது குதிரைக் கொம்பு. அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிக்கும் (ரிங்கிட்) நிபுணர் கிளினிக்கில் ஐந்து வெள்ளிக்கும் பார்க்கிறார்கள் என்பது உண்மையில் பெரிய விஷயம், ஆனால் நிபுணரைப் பார்க்க செலாயாங் பக்கமோ வேறு எங்கோ போய்வர ஒரு முழு நாளும், கார் உள்ள ஒரு மகனும் வேண்டும். சுகாதார அமைச்சின் ஹீல் என்ற மனநல உதவித் தொலைபேசி 15555 என்ற எண்ணில் இருக்கிறது, மனசு மிகவும் தாழ்ந்த நேரத்துக்குக் கூப்பிடலாம். மற்றபடி வீட்டிலேயே கிடைப்பவற்றில் ஆதாரம் உள்ளவை மூன்று: தூக்கம், நடை, ஆட்கள். அதிலும் ஆட்கள் என்றால் நாலு பேர் வந்து உட்கார்ந்து அறிவுரை சொல்வது இல்லை. எதிர் வீட்டு அக்கா ஒருவர், முடக்குவாதம் உள்ள தன் நாத்தனாருக்குக் காலையில் போய்த் தேங்காய் துருவிக் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை நோயைப் பற்றிக் கேட்காமல் சீரியல் கதை பேசிவிட்டு வருகிறார். விரல் விறைத்திருக்கும் நேரத்தில் விரலுக்கான வேலை ஒன்று குறைந்தது, ஒதுங்கச் சொல்லும் மூளைக்கு ஒதுங்காமல் இருக்க ஒரு சாக்கும் கிடைத்தது. எந்தப் புத்தகம் படித்தும் அவர் இதைச் செய்யவில்லை.

அறிவியல் இதில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு ஒன்றைச் சொல்லவேண்டும். மூளையிலிருந்து வேகஸ் நரம்பு வழியாக இறங்கும் சமிக்ஞை டிஎன்எஃப் சுரப்பைக் குறைக்கிறது என்று கெவின் டிரேஸி என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் காட்டி, 2002-இல் அதற்கு அழற்சி அனிச்சை என்று பெயரும் கொடுத்தார். 2016-இல் முடக்குவாத நோயாளிகளுக்கு அந்த நரம்பைத் தூண்டும் கருவியைப் பொருத்திப் பார்த்தார்கள், தூண்டல் நடந்தபோது நோய் தணிந்தது, நிறுத்தியபோது ஏறியது. 2025-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அப்படி ஒரு கருவிக்கு அனுமதியும் கொடுத்தது. நமக்கு அது வந்துசேர எத்தனை காலமாகுமோ, விலை என்னவோ, அது வேறு கதை. நரம்பு மூட்டை ஆள்கிறது என்பது இனி கற்பனை இல்லை, அது போதும்.

இப்போதைக்குச் செய்யக்கூடியது கிளினிக்கில்தான் இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. முடக்குவாதம் எவ்வளவு தீவிரமாக இருக்கிறது என்று டாக்டர் போடும் மதிப்பெண்ணில் நாலு பங்கு உண்டு: 28 மூட்டுகளில் எத்தனை வலிக்கிறது, எத்தனை வீங்கியிருக்கிறது, ரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது, அப்புறம் நூற்றுக்கு எவ்வளவு மோசம் என்று நோயாளியே சொல்லும் எண். மனசு சோர்ந்திருந்தால் முதலாவதும் கடைசியும் ஏறிவிடும், வீக்கமும் ரத்தமும் அப்படியே இருக்கும். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் நோய் கூடிவிட்டது என்று தோன்றும், மருந்தின் அளவு ஏறும், ஏறிய மருந்து சோர்வைத் தொடாது. இதற்கு நேர் எதிராக, தாங்கிப் பழகிய எங்கள் ஊர்ப் பாட்டிகள் எண்பது போடவேண்டிய இடத்தில் முப்பது போட்டுவிட்டு வருவார்கள், மூட்டு உள்ளுக்குள் அரிபட்டுக்கொண்டே இருக்கும். அதனால் அடுத்த தேதிக்குப் போகும்முன் ஒரு தாளில் காலையில் விரல் மடங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று தனியாக, தூக்கம் எப்படி என்று தனியாக, யாரையும் பார்க்கப் பிடிக்காமல் போன நாட்கள் எத்தனை என்று தனியாக எழுதிக்கொண்டு போங்கள். பாட்டிக்கு மலாய் வராது என்றால் கூடப்போகும் பேத்தி சொல்லட்டும், ஆனால் பாட்டியிடம் கேட்டுவிட்டு, பாட்டி சொன்ன எண்ணை.